ஆறாவது தட்டில் கைகூடிய கருப்பட்டி கேரமல் பிஸ்கட்

போன வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சாயங்கால டீயோடு ரெண்டு பிஸ்கட் தின்ற உம்மா, மூன்றாவதைக் கேட்காமலே எடுத்தார்கள். ரெண்டு மாதமாக இந்த அடுப்படியில் நடந்த கூத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஐந்து தட்டு வீணாகி ஆறாவது தட்டில் கைகூடியிருக்கிறது. அளவுகளெல்லாம் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் கிறுக்கலாகக் கிடக்கின்றன. அது தொலைவதற்குள் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது லாத்தா (அக்கா) மகள். துபாயிலிருந்து வந்தபோது ஒரு டப்பா கொண்டு வந்தாள். தொட்டால் மாவாக உதிர்கிற ரெண்டு வெள்ளை பிஸ்கட், நடுவே பழுப்பாகக் கேரமல், சுற்றி ஓரத்தில் தேங்காய்த் துருவல். அல்ஃபஹோர் என்று பெயர். அர்ஜென்டினாவில் பெட்டிக்கடை வரைக்கும் கிடைக்குமாம். பெயரே அரபியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி தென்னமெரிக்காவுக்குப் போனது. கீழக்கரைக்காரர்களுக்குக் கப்பலேறின சாமான் என்றால் தனிப் பிரியம்தானே. டப்பா ரெண்டு நாளில் காலி. "நீங்க செஞ்சு பாருங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் விமானம் ஏறிவிட்டாள்.

என்னிடம் இருந்தது 19 லிட்டர் ஓ.டி.ஜி. (கரண்டில் ஓடுகிற சின்ன ஓவன்) அடுப்பு, நான்கு வருடப் பழசு. கடல்காற்றில் கதவுத் திருகாணிகள் துருவேறி, மூடும்போது ஒரு முனகல் முனகும். தராசு ஒன்று, 450 ரூபாய். இந்த வேலைக்காகப் புதிதாக வாங்கினவை ரெண்டு வெப்பமானி. அடுப்புக்குள் நிற்க வைக்கிற வட்ட மூஞ்சி 350 ரூபாய், பாகில் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் குச்சி 400 ரூபாய். இந்த ரெண்டையும் முதலிலேயே வாங்கியிருந்தால் மூன்று தட்டு மிச்சமாகியிருக்கும்.

முதலில் மாவு. அளவு இது: கார்ன்ஃப்ளோர் 150 கிராம், மைதா 100, உப்பில்லாத வெண்ணெய் 100, பொடித்த சீனி 75, ரெண்டு மஞ்சள் கரு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். மைதாவைவிடக் கார்ன்ஃப்ளோர் கூடுதலாக இருப்பதால்தான் அந்த உதிரும் பதம் வருகிறது. கடையில் 'சோள மாவு' என்று கேட்டு வாங்கினால் மஞ்சள் நிற மக்காச்சோள மாவைக் கட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளையாக, விரலால் நசுக்கினால் கிறீச்சென்று சத்தம் போடுவதுதான் நமக்கு வேண்டியது. முட்டைக் கவிச்சி போக ஒரு எலுமிச்சையின் தோலைத் துருவிப் போட்டேன்.

முதல் தட்டு ஆப்பமாக வந்தது. மிகைப்படுத்தவில்லை, நடுவில் மொத்தம், ஓரத்தில் சல்லடை. செப்டம்பர் மதியம், அடுப்படியில் 33 டிகிரி, அதில் நான் வெண்ணெய் மாவைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெண்ணெய் உருகுகிற சூடும் கிட்டத்தட்ட அதேதான். தேய்க்கத் தேய்க்க மாவு பலகையோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டுகிறதே என்று மைதா தூவினேன், தூவினதால் பிஸ்கட் கல்லானது. கல்லாகாத பகுதி பரந்து ஆப்பமானது.

இப்போது செய்கிற முறை வேறு. அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மாவு பிசைந்துவிடுவேன். பிசைவது என்றால் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி இல்லை, ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ரெண்டு வட்டமாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம். ஒன்றைத் தேய்க்கும்போது மற்றது உள்ளேயே இருக்கும். பூரிக்கட்டைக்குப் பதிலாக ஐஸ் தண்ணீர் நிரப்பின கண்ணாடி சர்பத் பாட்டில். ரெண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மாவே தூவ வேண்டாம். கனம் 5 மில்லிமீட்டர். அதற்கு மகனின் மர ஸ்கேலைப் போல இன்னொன்று வாங்கி, இரண்டு பக்கமும் வைத்து அதன்மேல் பாட்டிலை உருட்டினேன். வெட்டுவதற்கு மருந்து டப்பா மூடி, வாய் 4.5 சென்டிமீட்டர். மொத்தம் 46 வட்டம் வந்தது, அதாவது 23 ஜோடி.

இரண்டாவது தட்டில் வட்டம் வட்டமாகத்தான் இருந்தது, ஆனால் 12 நிமிடத்துக்குப் பிறகும் உள்ளே பச்சை. இன்னும் நான்கு, இன்னும் நான்கு என்று வைத்ததில் அடிப்பக்கம் பிரவுன். இந்த பிஸ்கட் வெளுப்பாகவே வர வேண்டும், சிவந்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். அப்போதுதான் வட்ட மூஞ்சியை வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். குமிழை 180-ல் வைத்தால் உள்ளே 155. அதுவும் சாயங்காலம் ஊரே மோட்டார் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, அந்த 155-ஐத் தொடவே 25 நிமிடம். இப்போது காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுகிறேன், குமிழ் 190-க்குச் சற்று மேலே, உள்ளே 165, மேல் கம்பி கீழ்க் கம்பி ரெண்டும் எரிய, நடுத்தட்டில் 11 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று பயம் வரும். தொடாமல் தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் இறுகிவிடும்.

பிஸ்கட் கதை அவ்வளவுதான். உண்மையான பாடு கேரமலில்.

அர்ஜென்டினாக்காரர்கள் நடுவில் வைப்பது துல்செ தெ லெச்செ. பாலையும் சீனியையும் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினது. பால்கோவா கிண்டுகிறவர் பாதியில் எழுந்து போனால் கிடைக்கிற பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எல்லோரும் சொல்லும் குறுக்கு வழி, கண்டன்ஸ்டு மில்க் டின்னை அப்படியே தண்ணீரில் போட்டு மூன்று மணி நேரம் வேகவைப்பது. தண்ணீர் வற்றினால் டின் வெடிக்கும், அது வேண்டாம். நான் டின்னை உடைத்து ஒரு சம்படத்தில் ஊற்றி, இறுக்க மூடி, குக்கரில் பாதித் தண்ணீருக்குள் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம் விட்டேன். அழகான பழுப்பு நிறம். ரெண்டாவது தட்டில் தேறின பத்து ஜோடிக்கு நடுவில் அதைத் தடவி மேசையில் வைத்தேன். ராத்திரி இஷா தொழுகை முடிந்து வந்து பார்த்தால் மேல் பிஸ்கட் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, கேரமல் தட்டில் ஓடிக் கிடக்கிறது. எறும்பு ஒரு பக்கம் வரிசை கட்டிவிட்டது. குளிர்ந்த நாட்டில் நிற்கிற பொருள் நம்மூர்ச் சூட்டில் நிற்கவில்லை. போதாக்குறைக்கு இனிப்பு தொண்டையைப் பிடித்தது.

மூன்றாவது தட்டுக்கு சீனியை உருக்கிச் செய்கிற கேரமல். 200 கிராம் சீனியை வெறும் சட்டியில் உருக்கி, தேன் நிறம் வந்ததும் கிரீம் ஊற்ற வேண்டும். கிரீம் பாக்கெட் கிடைக்கவில்லை என்று வீட்டுப் பாலாடையை அடித்து ஊற்றினேன், அதுவும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு. சட்டி சீறிக்கொண்டு பொங்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. சீனி கட்டி கட்டியாக உறைந்து, பாலாடை நெய்யாகப் பிரிந்து மேலே மிதந்தது. திரும்பச் சூடு பண்ணினதில் கசப்பு. அந்தச் சட்டியை ஊறப்போட்டுக் கழுவ ஒரு நாள் போனது.

சீனி வேண்டாம், கருப்பட்டி போடலாம் என்று தோன்றியது அப்புறம்தான். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டை வைத்துக்கொண்டு நான் எதற்கு வெள்ளைச் சீனியைக் கருக்கிக்கொண்டிருக்கிறேன்? பதனீரைக் காய்ச்சிக் காய்ச்சித்தானே கருப்பட்டி ஆகிறது, கேரமல் வாசனையில் பாதி அங்கேயே ஏறிவிடுகிறது. முதலில் வாங்கினது கலப்படம். உடைத்தால் உள்ளே மினுமினுவென்று சீனிக் கண்ணாக மின்னியது, நாக்கில் வைத்தால் வெறும் இனிப்பு. நல்ல கருப்பட்டி உடைத்த இடத்தில் மங்கலாக இருக்கும், இனிப்புக்குப் பின்னாலேயே லேசான உப்பும் புகையும் வரும். இரண்டாவது முறை தெரிந்தவர் மூலம் சாயல்குடியிலிருந்து வரவழைத்தேன், கிலோ 380 ரூபாய்.

நான்காவது தட்டின் கதையைச் சொல்லவே வெட்கம். காய்ச்சின பாலில் கருப்பட்டிப் பாகை ஊற்றினேன். கொதிக்கிற பாலில் வெல்லம் போட்டால் திரியும் என்பது பாயசம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஊற்றினேன். ரெண்டு நிமிடத்தில் பழுப்புத் தண்ணீரில் பனீர். உம்மா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"தொதல் கிண்டத் தெரியாதவ கேரமல் கிண்டுறாளாக்கும். கருப்பட்டிக்கு ஏம்மா பசும்பால்? தேங்காப்பால ஊத்து."

கீழக்கரைத் தொதலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து, கையை எடுக்காமல் மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் கக்கி, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்குவது. நோன்புப் பெருநாளைக்கு உம்மா கிண்டி நான் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். அதிலிருந்து அரிசிமாவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? நான் ரெண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சாமான்தான்.

ஐந்தாவது, ஆறாவது தட்டுக்கான கேரமல் அளவு: கருப்பட்டி 200 கிராம், தண்ணீர் 75 மில்லி, ஒரு பெரிய தேங்காயின் முதல் பால் 200 மில்லி, வெண்ணெய் 30 கிராம், வாலிநோக்கம் கல்லுப்பு நுணுக்கினது கால் டீஸ்பூன். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைய விட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் மணலும் சுண்ணாம்புத் தூளும் ஒரு பனை நாரும் வந்தது. கரைசலைக் கொதிக்கவிட்டு, தேங்காய்ப்பாலை ஒரேயடியாக இல்லாமல் மூன்று தவணையாக ஊற்றி, அடிகனமான பித்தளைச் சட்டியில், சிறு தீயில், மரக்கரண்டியால் எட்டுப் போடுகிற மாதிரி கிண்ட வேண்டும்.

குச்சி வெப்பமானியை நம்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். கொதிக்கிற வெறும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். கடலோர ஊர், தண்ணீர் 100-ல் கொதிக்க வேண்டும். இது 98 காட்டியது. ஆக, காட்டுவதோடு ரெண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் கூட்டின கணக்கு.

104 டிகிரி வரைக்கும் சும்மா கொதிக்கும், குமிழி பெரிதாக, வேகமாக உடையும். அங்கேயே பதினைந்து நிமிடம் நகராமல் நின்று பொறுமையைச் சோதிக்கும். 108-ல் குமிழி சிறிதாகி, உடையும்போது 'பொத்' என்று ஒரு சத்தம். 112-ல் கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, பாகு மெதுவாக வந்து மூடும். வெண்ணெய் இங்கேதான் போட வேண்டும். 115-ல் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால், பிடிக்க முடிகிற, ஆனால் நசுங்குகிற உருண்டை வரும். 118-ல் அந்த உருண்டை நிமிர்ந்து நிற்கும்.

ஐந்தாவது தட்டுக்கு நான் 118 வரை போனேன். உம்மா பக்கத்தில் நின்று "இன்னும் எண்ணெய் கக்கல, கிண்டு" என்றார்கள், நானும் கிண்டினேன். தொதலுக்கு அது சரி. பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்தபோது, கக்கின தேங்காயெண்ணெய் முழுக்க கார்ன்ஃப்ளோர் மாவில் இறங்கி, மறுநாள் காலையில் பிஸ்கட் விளக்குத்திரி மாதிரி இருந்தது. கேரமலோ பல்லைப் பிடுங்கியது. ருசி மட்டும் சரியான ருசி. உம்மாவின் பேரப்பிள்ளைகள் பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் இருந்ததை மட்டும் நோண்டித் தின்றார்கள். அதைப் பார்த்துத்தான் இனிமேல் இந்தப் பாதையை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

ஆறாவதில் 115-ல் தீயை அணைத்துவிட்டேன். ஓரத்தில் எண்ணெய் ஒரு வளையமாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு வேகமாக அடித்ததும் வளையம் உள்ளே போய், பாகு பளபளவென்று ஒன்றாகிவிட்டது. இந்த வெந்நீர் வித்தை யாரும் சொல்லித் தந்ததில்லை, முதலில் தயிர்ப்பச்சடி நீர்த்துப் போனால் அடிக்கிற ஞாபகத்தில் அடித்துப் பார்த்தேன். உப்பைக் கடைசியில் போட்டேன். தட்டில் ஊற்றி, முழுக்க ஆறின பிறகு எடை பார்த்தால் 330 கிராம். அடுப்பு ஏற்றியதிலிருந்து 42 நிமிடம், வலது தோள்பட்டை ரெண்டு நாளைக்கு.

ஜோடிக்கு 10 கிராம் வைத்தேன். கரண்டியால் தடவினால் பிஸ்கட் உடைகிறது. கையில் நெய் தொட்டுக்கொண்டு, கோலிகுண்டு அளவுக்கு உருட்டி, நடுவில் வைத்து மேலே இன்னொன்றை மெதுவாகத் திருகி அமுக்கினால், கேரமல் ஓரம் வரை தானாக வந்து நிற்கும். ஓரத்துக்குத் தேங்காய்த் துருவல் தனியாக வாங்கவில்லை. பால் பிழிந்த சக்கையை வெறும் சட்டியில் வறுத்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு அதிலேயே உருட்டினேன். வழக்கமாக அது கோழிக்குப் போகும். பச்சைத் துருவலைவிட இதுதான் மேல், எண்ணெய் குறைவு, சீக்கிரம் காறாது.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, ஈரக்காற்று. ஐந்தாவது தட்டின்போது நிரப்பாத பிஸ்கட் ஒன்றை மூடாமல் சமையல் மேடையில் வைத்துப் பார்த்தேன். ராத்திரி 8.9 கிராம், காலையில் 9.4. அரை கிராம் கடல்காற்றைக் குடித்திருக்கிறது, கையில் எடுத்தால் நனைந்த அட்டை மாதிரி வளைகிறது. ஆகவே இப்போது, பிஸ்கட் முழுக்க ஆறின அடுத்த நிமிடம் எவர்சில்வர் தூக்குக்குள். உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைக்கிற வீடுதானே, வறுத்து ஆறின அரிசி ஒரு கைப்பிடி துணியில் முடிந்து அதற்குள்ளும் போட்டேன். கேரமல் தனிப் பாட்டிலில். சாப்பிடுவதற்கு முந்தின ராத்திரி மட்டும் நிரப்புவது. ஒரு ராத்திரி கேரமலோடு இருந்தால் பிஸ்கட் அளவாக இளகும், இந்தப் பலகாரத்துக்கு அது தேவைதான். மூன்று ராத்திரி இருந்தால் களிதான்.

செலவு: கருப்பட்டி 76, தேங்காய் 35, வெண்ணெய் 130 கிராமுக்கு 78, கார்ன்ஃப்ளோர் 30, மைதா 6, சீனி 4, ரெண்டு முட்டை 14, கரண்ட் ரெண்டு யூனிட் என்று வைத்து 10. மொத்தம் 253 ரூபாய், 23 பிஸ்கட், ஒன்று 11 ரூபாய். கேஸும் தோள்பட்டையும் கணக்கில் இல்லை. வீணான ஐந்து தட்டுக்கும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். மச்சானிடம் எழுநூறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த கேரமல் ஐந்தாம் நாள் ஓரத்தில் சீனிக் கண்ணாகப் பூத்துவிட்டது. நாக்கில் நறநறவென்று மணல் மாதிரி. அடுத்த தடவை கருப்பட்டியில் 20 கிராமைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஒரு டேபிள்ஸ்பூன் திரவ குளுக்கோஸ் சேர்த்துப் பார்க்கப் போகிறேன், ராமநாதபுரத்தில் கேக் சாமான் கடையில் இருக்கிறது. இப்போது கிடைக்கிற கருப்பட்டி போன பருவத்துச் சரக்கு, பரணில் கிடந்து புகையேறினது. பங்குனியில் புதுக் கருப்பட்டி வரும்போது நிறமும் பதமும் மாறும், அதனால் 115 என்ற கணக்கையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் ஓ.டி.ஜி. கதவின் துருப்பிடித்த திருகாணிகளை மாற்றியாக வேண்டும். கடைசித் தட்டு எடுக்கும்போது ஒன்று கழன்று மாவில் விழுந்துவிட்டது.

பூத்துப்போன பாட்டிலைக் கொட்டலாம் என்று எடுத்தேன். உம்மா வாங்கிக்கொண்டு போனார்கள். காலையில் பார்த்தால் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலோடு அதைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.